சுண்டுவிரல் பை

டிக்கெட்டம்மாவின் யாத்திரை இரண்டு வருஷமாகத் தட்டிப்போனதற்குக் காரணம் ஒரு சுண்டுவிரல்.

அந்த விரலுக்குச் சொந்தக்காரர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு மலைக்கோயிலுக்கு நடந்தே போவார். நடை என்றால் சாப்பிட்டுவிட்டு உலாத்துகிற நடை இல்லை. கிளம்பும்போது வெயில் மண்டையைப் பிளக்கும். பாதி வழியில் மழைக்காலம் வந்து பிடித்துக்கொள்ளும். மலையடிவாரத்தைத் தொடும்போது பல் கிடுகிடுக்கும். மூன்று பருவத்துக்கும் ஒரே முதுகு. ஒருவர் பையை இன்னொருவர் தூக்க மாட்டார்கள்.

அதனால் டீச்சர் ஒரு சட்டம் வைத்திருந்தார். கிளம்புகிற அன்று காலையில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில், ஒவ்வொரு பையையும் தன் சுண்டுவிரலில் மாட்டித் தூக்குவார். தூக்கிப் பிடித்தபடியே, "போயிட்டு வரோம்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார். சொல்லி முடிக்கிற வரைக்கும் பை அந்தரத்தில் நின்றால் ஆள் போகலாம். இறங்கிவிட்டால் ஆளும் பையும் வீட்டுக்குப் போகலாம். பைக்காரர்களையே தூக்கச் சொன்னால் என்ன என்று ஒருவர் கேட்டதற்கு, "வேணாம். பல்லக் கடிச்சிக்கிட்டே சிரிப்பாங்க. என் விரலுக்கு நடிக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டார்.

முதல் வருஷம் டிக்கெட்டம்மாவின் பை "போயிட்" வரைக்கும்கூடத் தாங்கவில்லை. போன வருஷம் பை தரையை விட்டு எழும்பவே இல்லை. டீச்சரின் விரல்தான் எழும்பியது, அதுவும் வேறு திசையில். கட்டுப் போட்ட விரலோடு டீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னார்: "இதோ பாரும்மா, மூணாவது தடவையும் இறங்கிச்சுன்னா உன்னைச் சேக்கறதா இல்ல. எனக்கு இருக்கறது ரெண்டே சுண்டுவிரல். ஒண்ணு போயிருச்சு."

அந்த இரண்டு பைகளையும் கட்டியது டிக்கெட்டம்மாவின் வீட்டுக்காரர்.

தெரு அவரைப் பொட்டலம் என்றுதான் கூப்பிட்டது. தொழில் அப்படி. கண்ணாடிச் சாமான் கிடங்கில் பெட்டி கட்டுகிற வேலை. அந்த வேலையில் சேருகிற அன்றைக்கே காதில் ஓதப்படுகிற விஷயம் ஒன்று உண்டு: டம்ளரை டம்ளர் உடைப்பதில்லை, நடுவில் இருக்கிற காலி இடம்தான் உடைக்கிறது. காலி இடம் எங்கே இருந்தாலும் விடாதே, திணி. காகிதத்தைத் திணி, துணியைத் திணி, கிடைத்ததைத் திணி. பொட்டலம் பெட்டியைக் கட்டி முடித்ததும் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். சத்தம் வந்தால் பிரித்து மறுபடியும் கட்டுவார். சத்தம் செத்த பிறகுதான் பெட்டிமேல் கையெழுத்து. அவர் கட்டிய பெட்டி ஒன்று லாரியிலிருந்து விழுந்து, சரிவில் உருண்டு, வாய்க்காலில் மிதந்து போய், உள்ளே ஒரு கோப்பைகூடக் கீறல் விழாமல் திரும்பி வந்ததாகக் கிடங்கில் ஒரு கதை உண்டு. யாரும் சொல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவரிடம் டிக்கெட்டம்மா ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நேராகவே சொன்னாள்:

"இந்தத் தடவ என் பைய நீங்க தொடக் கூடாது."

பொட்டலத்தின் கையில் இருந்த சோறு தட்டுக்கே திரும்பியது.

"நான் தொடாம யாரு தொடுவா?"

"நானே கட்டிக்கறேன்."

"நீயா? நீ கட்டினா உள்ள சாமான் ஆடுமே!"

"ஆடட்டும். ஆடிக்கிட்டே வரட்டும். இந்த ஊரு பஸ் நிலையத்துல ஜன்னலுக்குப் பின்னால உக்காந்து உலகத்துக்கே டிக்கெட் கிழிச்சுக் குடுத்திருக்கேன். எவன் எவனோ எங்க எங்கயோ போனான். நான் அந்த ஸ்டூல விட்டு எங்க போனேன்? கால் நல்லா இருக்கும்போதே ஒரு தடவ என் கால்ல நான் போகணும். உங்க பொட்டலத்தால அது ரெண்டு தடவ போச்சு."

அடுத்த நாள் அவர் கட்டிய பெட்டி ஒன்று சத்தம் போட்டது. கிடங்கே வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. இது டிக்கெட்டம்மாவின் காதுக்கு வந்தபோது அவளுக்கே மனசு கேட்கவில்லை.

"சரி, கட்டுங்க. ஆனா பை நான் வாங்குவேன்" என்றாள்.

அவள் வாங்கி வந்தது, சின்னப் பிள்ளைகள் முதுகில் மாட்டிக்கொண்டு போகிற அளவுக்கு ஒரு பை. இதற்குள் எதைத் திணித்தாலும் எவ்வளவு கனம் வந்துவிடப் போகிறது என்று அவள் கணக்கு. பொட்டலத்துக்கோ அந்தப் பையைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"பெரிய பெட்டிய எவன் வேணா கட்டுவான். சின்னதுக்குத்தான் வேலை தெரிஞ்சவன் வேணும்" என்றார்.

தொப்பி வெயிலுக்கு. தொப்பி என்றால் நடுவில் பள்ளம் இருக்கும், அந்தப் பள்ளத்தில் போர்வை, அது குளிருக்கு. போர்வையின் மடிப்புக்குள் மழைக்கோட்டு. மழைக்கோட்டின் பையில் கம்பளிக் காலுறை. காலுறைக்குள் சோப்புப் பெட்டி. சோப்புப் பெட்டிக்குள் சோப்பைச் சுற்றி ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது, அங்கே நூல்கண்டு. நூல்கண்டின் நடு ஓட்டையைப் பார்த்து அவர் வெகுநேரம் யோசித்தார். கடைசியில் ஒரு பென்சிலை ஒடித்து அதில் சொருகினார். குடையை விரித்து, ஒவ்வொரு கம்பிக்கும் நடுவில் ஒரு கைக்குட்டையை வைத்து, மறுபடியும் மடக்கினார். மழை வந்து குடையை விரித்தால் தலைமேல் கைக்குட்டை மழையாகப் பெய்யுமே என்று டிக்கெட்டம்மா கேட்டாள்.

"துடைச்சிக்கறதுக்கு ஆச்சு" என்றார்.

பையைக் கட்டிக் கட்டில் மேல் வைத்தார். கட்டில் முனகியது. காதோரம் கொண்டுபோய் ஆட்டிப் பார்க்க ஆசைதான், தூக்க முடியவில்லை. அதனால் காதைக் கொண்டுபோய்ப் பையில் வைத்துக் கட்டிலை ஆட்டினார். சத்தம் இல்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

டிக்கெட்டம்மா சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். விரல் போய் வந்தது, பை அங்கேயே இருந்தது. அவள் போய்த் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள்.

தம்பிக்கு அடுத்த தெருவில் முடிதிருத்தும் கடை. அதிகமாக இருப்பது எதுவானாலும் வெட்டலாம் என்பது அவன் கட்சி. கத்தரியோடுதான் வந்தான்.

"மாமா, தள்ளுங்க. இது சீவிவிட வேண்டிய கேஸ்."

"என்னடா சீவுவே?"

"பல் தேய்க்கிற பிரஷ்ல தேய்க்கிறது எது? முனை. அப்புறம் காம்பு எதுக்கு?" நறுக்கென்று வெட்டினான். "சீப்பு முழுசா எதுக்கு, அக்கா தலையில முடி அவ்வளவா இருக்கு?"

"டேய்!" என்றாள் டிக்கெட்டம்மா.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்க்கா. பாதி போதும். சுவெட்டருக்குக் கை வேணாம். நடக்கிறவங்களுக்கு நெஞ்சுலதான் குளிரும், கை வீசற வீச்சுல சூடாயிரும். துண்டு கால்வாசி போதும். மூஞ்சியத் துடைச்சா மத்ததெல்லாம் தானா காயும். குடைக்குப் பிடி எதுக்கு, கம்பியப் பிடிச்சா ஆகாதா?"

வீடெல்லாம் வெட்டுத் துண்டுகள். டிக்கெட்டம்மாவின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. தம்பி கத்தரியைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பாதி எடை போச்சுக்கா" என்று காபியைக் குடித்துவிட்டுப் போனான்.

அவன் போனதும் பொட்டலம் பைக்குள் எட்டிப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் காலி இடம். பிரஷ் இருந்த இடத்தில் ஒரு பொந்து. சுவெட்டருக்குப் பக்கத்தில் இரண்டு குகை. கையில் என்ன கிடைக்கும் என்று தரையைப் பார்த்தார். பிரஷ்ஷின் காம்பு கிடந்தது. சரியாக அந்தப் பொந்துக்கே அளவெடுத்தது போல இருந்தது. சுவெட்டரின் கைகள் அந்தக் குகைகளுக்குள் போயின. பாதிச் சீப்புக்குப் பக்கத்தில் மீதிச் சீப்பு. குடையின் பிடி குடைக்குப் பக்கத்திலேயே.

டிக்கெட்டம்மா வந்து விரலை விட்டுப் பார்த்தாள். பழைய கனம் அப்படியே இருந்தது. ஒரே வித்தியாசம், இப்போது உள்ளே உருப்படியாக ஒரு சாமானும் இல்லை.

"வெட்டினத ஏங்க உள்ள வெச்சீங்க?"

"நம்ம பொருள்தானே. வெளிய போட மனசு வருமா?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் உப்புக் கரண்டி. அப்புறம் டி.வி. ரிமோட். அலாரம் கடிகாரம். கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கி. டிக்கெட்டம்மா வீடு பூராவும் தேடிவிட்டுப் பையைத் திறந்து பார்த்தாள். எல்லாம் அங்கே இருந்தன, மூச்சு முட்டிக்கொண்டு.

"ரிமோட் எதுக்குங்க? மலையில டி.வி. பாக்கப் போறேனா?"

"நீ இல்லாம நான் மட்டும் என்னத்த பாக்கப் போறேன்? அதான்."

"இது என்னது, உங்க சட்டை?"

"மூலையில ஒரு இடம் பல்லைக் காட்டிக்கிட்டு இருந்துச்சு."

"உங்க மூக்குக்கண்ணாடி?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் ஜன்னல் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. "அதுவும் ஒரு சின்ன இடந்தான்" என்றார்.

டிக்கெட்டம்மா அந்தக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள் திட்டவில்லை. கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டிவிட்டு, உப்புக் கரண்டி இல்லாமலே சமைக்கப் போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பாடு கரித்தது. இருவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.

கிளம்புகிற நாள் வந்தது. விடிந்தும் விடியாமலும் பொட்டலம் பையை ஒரு பாயில் வைத்து வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். தையலெல்லாம் விண்ணென்று நின்றது. டீச்சருக்கு மிச்சம் இருந்த சுண்டுவிரலை நினைத்தால் பாவமாக இருந்தது.

டிக்கெட்டம்மா தலைவாரிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தட்டு வைக்கிற அலமாரியில் தட்டில்லை. ஆணிகளில் எதுவும் தொங்கவில்லை. துணி அலமாரியின் கதவு திறந்திருந்தது. உள்ளே தேய்ந்த பலகை மட்டும். குடும்பம் காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது. அவள் ஒரு தடவை கையைத் தட்டினாள். வீடு திருப்பித் தட்டியது.

"ஏங்க, உள்ள வாங்க. இப்படி நடுவுல நில்லுங்க."

"நேரமாச்சு. டீச்சர் கிளம்பிருவாங்க."

"நில்லுங்கன்னா. இப்ப இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடங்க."

நடந்தார். செருப்பில்லாத காலுக்கே டப்டப்பென்று சுவரெல்லாம் பதில் சொன்னது.

"சத்தம் வருதா?"

"வருது."

"இது ஒரு பெட்டின்னு வெச்சிக்கோங்க. உள்ள எத்தன சாமான்?"

அவர் தன்னைத்தானே குனிந்து பார்த்துக்கொண்டார். "நீ போயிட்டா ஒண்ணுதான்."

"இவ்ளோ பெரிய பெட்டிக்குள்ள ஒத்தை டம்ளர். சுத்தி ஒரு காகிதம்கூட இல்ல. உங்க கிடங்குக்கு இப்படி ஒரு பெட்டி வந்தா கையெழுத்துப் போடுவீங்களா?"

பொட்டலத்தின் முகம் வெளுத்துவிட்டது. முதல் தடவையாக அவர் தன் வீட்டைத் தொழில் கண்ணோடு பார்த்தார். நான்கு சுவர், மேலே கூரை, எந்தப் பக்கம் பார்த்தாலும் காலி இடம், நடுவில் தான். ஒரு சின்ன ஆட்டம் போதும்.

"எந்த மடையன் கட்டின பெட்டி இது?" என்றார்.

"நான் திரும்பி வரும்போது இந்தப் பெட்டியப் பிரிச்சா உள்ள சில்லு சில்லா கெடக்குமா, முழுசா இருக்குமா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் பாய்ந்து போய்ப் பையின் கயிற்றை அவிழ்த்தார். போர்வை கட்டிலுக்கு, தொப்பி ஆணிக்கு, கடிகாரம் மாடத்துக்கு. ரிமோட்டைத் தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் செருகினார். குடையை நாற்காலிக்குப் பின்னால் இருந்த சந்தில் சாத்தினார். உப்புக் கரண்டி உப்புக்குள் போயிற்று. கதவுக் கொக்கி கதவுக்குப் போயிற்று. இவ்வளவையும் போட்டும் வீடு நிறையவில்லை என்று வேர்த்து விறுவிறுத்து நிற்கும்போது, வாசல் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது.

லொடலொட.

டிக்கெட்டம்மா காலியான அதே சின்னப் பையில் எதையோ போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். உள்ளே எதுவோ எதன்மேலோ மோதிக்கொண்டிருந்தது. பொட்டலத்துக்கு அந்தச் சத்தம் பல்லில் மணல் கடிபட்டது போல இருந்தது. பின்னாலேயே ஓடினார். ஓடும்போது கையில் கிடைத்த ஒன்றை எடுத்துக்கொண்டார்.

மைதானத்தில் மற்ற எல்லாப் பைகளும் தேறிவிட்டன. டீச்சர் வளைந்துபோன வலது விரலை மடக்கிக்கொண்டு, இடது சுண்டுவிரலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். டிக்கெட்டம்மாவைப் பார்த்ததும் காலை அகட்டி வைத்தார். மூச்சை இழுத்துப் பிடித்தார். விரலை மாட்டி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து ஒரே தூக்காகத் தூக்கினார்.

பை காற்றாடி மாதிரி பறந்து வந்து அவர் நெற்றியில் இடித்தது.

"போயிட்டு வரோம்!" என்று கத்திவிட்டார் டீச்சர், வலியில். பை இன்னும் விரலில்தான் இருந்தது. மூச்சும் மிச்சமிருந்தது. அதனால், "எல்லாரும் நல்லா இருங்க!" என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

"உள்ள என்னம்மா இருக்கு?"

"ஒரு மாத்துத்துணி டீச்சர். ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, தண்ணி பாட்டில், ஒரு சீப்பு."

டீச்சர் திறந்து பார்த்தார். "சீப்பு பாதிதான் இருக்கு."

"என் தலைக்கு அது போதுமாம். தம்பி சொன்னான்."

"வெயிலுக்கு?"

"விரிப்ப தலையில போட்டுக்குவேன்."

"மழைக்கு?"

"அதே விரிப்புதான்."

"குளிருக்கு அடிவாரத்துச் சத்திரத்துல கம்பளி குடுப்பாங்க. ரெண்டு வருஷமா தொண்டை கிழியச் சொல்றேன், உங்க வீட்டுக்காரர் காதுல ஏறினாத்தானே?" டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே மற்றவர்களைக் கூப்பிடப் போனார்.

பை திறந்தபடி தரையில் இருந்தது. பொட்டலம் அதை எட்டிப் பார்த்தார். பாட்டில் ஒரு மூலையில், சீப்பு ஒரு மூலையில், நடுவில் ஒரு ஊரே குடியேறுகிற அளவுக்கு இடம். அதை இப்படியே விட்டால் மலை வரைக்கும் அந்தச் சத்தம்தான். அவர் சட்டைப் பையில் இருந்தது ஒரு சின்ன, மெத்தென்ற பொருள். அதை நடுவில் வைத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும். கனம் ஒன்றும் இல்லை. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். பொட்டலத்தின் கை தானாகக் கீழே போயிற்று.

"என்னங்க கையில?"

டிக்கெட்டம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"சுவெட்டரோட கை."

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதான்."

அவள் சிரிக்கவில்லை. டீச்சரைக் கூப்பிடவும் இல்லை. "எனக்கு அந்த இடம் காலியாவே இருக்கட்டும்" என்றாள். "இத்தன வருஷம் ஜன்னல் கூண்டுக்குள்ள அசையாம இருந்தாச்சு. கொஞ்சம் ஆடிக்கிட்டுப் போறேனே."

பொட்டலத்தின் கை பைக்கு மேலே அந்தரத்தில் நின்றது, டீச்சர் தூக்கிப் பிடித்த பை மாதிரி. பிறகு அது சட்டைப் பைக்கே திரும்பிப் போயிற்று. அவரே குனிந்து பையின் வாயை மூடி, அவள் முதுகில் மாட்டிவிட்டார்.

கூட்டம் கிளம்பியது. லொடலொட என்கிற சத்தம் மைதானத்தைத் தாண்டி, பஸ் நிலையத்தைத் தாண்டி, மூடியிருந்த டிக்கெட் ஜன்னலைத் தாண்டிப் போயிற்று. அவர் காதைத் தீட்டிக்கொண்டு அது கேட்கிற வரைக்கும் நின்றார்.

கூட்டத்தில் டீச்சரிடம் மட்டும்தான் போன் இருந்தது, எடைக்குப் பயந்து மற்றவர்கள் கொண்டுபோகவில்லை. டிக்கெட்டம்மா அதில் எப்போதாவது கூப்பிடுவாள். வெயில் தாங்கவில்லை என்று அவள் சொன்ன நாளில் பொட்டலம் வீட்டுக்குள்ளேயே தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இங்கேதான் சாமானெல்லாம் இருந்தது, அவள் சார்பில் யாராவது அதையெல்லாம் உபயோகிக்க வேண்டுமே. மழை பிடித்துக்கொண்டது என்று சொன்ன அன்று மச்சான் பார்க்க வந்தான். கூடத்தின் நடுவில் மாமா பிடியில்லாத குடையைக் கம்பியைப் பிடித்து விரித்துக்கொண்டு நின்றிருந்தார். சுற்றிலும் கைக்குட்டைகள் உதிர்ந்து கிடந்தன.

"மாமா, வீட்டுக்குள்ள மழையா?"

"உங்க அக்காவுக்குடா."

மச்சான் மேலே பார்த்தான். கூரை நன்றாகத்தான் இருந்தது. அவனும் கொஞ்ச நேரம் குடைக்குள் வந்து நின்றான்.

வீடு இருந்த ஊரில் குளிர் என்பது கேள்விப்பட்டதோடு சரி. டிக்கெட்டம்மா குளிர ஆரம்பித்துவிட்டது என்று சொன்னபோது ரோட்டில் தார் உருகிக்கொண்டிருந்தது. பொட்டலம் கையில்லாத சுவெட்டரை மாட்டி, இரண்டு கைகளையும் தனித்தனியாக ஏற்றி, மேலே போர்வையைப் போர்த்திக்கொண்டு வேலைக்குப் போனார். தெருவே பார்த்தது. கிடங்கில் விசிறியை அவர் பக்கம் திருப்பினார்கள். திருப்பி வைத்துவிட்டார்.

மறுபடியும் போன் வந்தபோது அவர் வாசற்படியில் வேர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். முதலில் டீச்சர் குரல், "ஆளு இதோ இருக்கா, பேசுங்க." அப்புறம் அவள்.

"வந்து சேந்துட்டேங்க. மேல ஏறிட்டேன்."

"குளிருதா?"

"சத்திரத்துல கம்பளி குடுத்துட்டாங்க. கதகதன்னு இருக்கு."

"அப்ப நான் கழட்டலாமா?"

"என்னத்த?"

"ஒண்ணுமில்ல." போர்வை நழுவி விழுந்தது. "நீ எப்படி இருக்க? பை முதுகுலதான் இருக்கா?"

"இருக்கு."

"ஒரு தடவ ஆட்டு."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. பிறகு அவ்வளவு தூரத்திலிருந்து அது வந்தது: லொடலொட. அவர் போனை, பெட்டியைக் காதோரம் வைத்துக் கேட்பாரே, அப்படி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"இன்னொரு தடவ ஆட்டு" என்றார்.